இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுமா? ராணுவ பைலட்கள் கற்கும் 30 விநாடிப் பாடம்

1972 ஜூன் 21. தெற்கு பிரான்ஸில் இஸ்த்ர் விமானத் தளத்தில் இருந்து ஒரு லாமா ஹெலிகாப்டர் கிளம்புகிறது. ஓட்டுபவர் ஜான் பூலே, அந்த நிறுவனத்தின் அனுபவம் மிக்க சோதனை பைலட். எவ்வளவு உயரம் போக முடியும் என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை. 12,442 மீட்டர், அதாவது 40,000 அடிக்கும் மேல் போய்விட்டார். இன்று பயணிகள் ஜெட் விமானங்கள் பறக்கும் உயரம் அது. அன்றைய உலக சாதனை.

இறங்கலாம் என்று பவரைக் குறைத்தார். இன்ஜின் அணைந்துவிட்டது. திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை.

அவ்வளவு உயரத்தில் இருந்து, இன்ஜின் இல்லாமல், ஒரு ஹெலிகாப்டர். நம்மில் பலருக்கும் மனதில் வரும் காட்சி ஒன்றுதான்: கல் மாதிரி நேராகக் கீழே விழும். ஆனால் பூலே விழவில்லை. விசிறி சுழன்றுகொண்டே இருக்க, பத்திரமாகத் தரையில் வந்து இறங்கினார். இன்ஜின் இல்லாமல் ஹெலிகாப்டர் அவ்வளவு உயரத்தில் இருந்து இறங்கியது வரலாற்றில் அதுவே முதல்முறை.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதே லாமாவை உரிமம் பெற்று ஹெச்.ஏ.எல். நிறுவனம் இங்கே தயாரித்தது. இந்தியாவில் அதன் பெயர் சீட்டா. சியாச்சினில் பல ஆண்டுகளாக வீரர்களுக்கு உயிர்நாடியாக இருக்கும் ஹெலிகாப்டர் அதுதான்.

பூலே செய்ததற்குப் பெயர் ஆட்டோரொட்டேஷன். உலகில் எந்த ஹெலிகாப்டர் பைலட்டும் இதைக் கற்காமல் உரிமம் வாங்க முடியாது. ஆனால் இதை எவ்வளவு தூரம் நிஜமாகப் பழக்குவது என்பதில் ராணுவங்களுக்குள் பல ஆண்டுகளாக ஒரு குழப்பம் நீடிக்கிறது. அமெரிக்க ராணுவம் ஒரு பாதையில் போய், இப்போது திரும்பி யோசிக்கிறது. பழைய ஹெலிகாப்டர்களை மாற்றும் கட்டத்தில் இருக்கும் இந்தியாவுக்கும் அந்தக் கேள்வி வரத்தான் போகிறது.

இன்ஜின் இல்லாமல் விசிறி எப்படிச் சுழலும்?

ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றாடியில் மோட்டார் கிடையாது. குழந்தை ஓடுகிறது, எதிர்க்காற்று இலைகளைச் சுழற்றுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஹெலிகாப்டரில் சாதாரணமாக இன்ஜின் ரோட்டரைச் சுழற்றும், ரோட்டர் காற்றைக் கீழே தள்ளும். இன்ஜின் நின்றதும் ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்குகிறது. இப்போது காற்று கீழிருந்து மேல்நோக்கி ரோட்டருக்குள் புகுகிறது. இறக்கைகளின் கோணம் சரியாக இருந்தால், அந்தக் காற்றே ரோட்டரைத் தொடர்ந்து சுழற்றும். சாலையோர மகோகனி மரத்தின் விதை சுற்றிச் சுற்றி மெதுவாக இறங்குவதும் இதே மாதிரிதான்.

நின்றுபோன இன்ஜின் ரோட்டரைப் பிடித்து நிறுத்திவிடாதா? நிறுத்தாது. சைக்கிள் கடையில் ஃப்ரீவீல் என்று சொல்வார்களே, பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுமே, அதே ஏற்பாடு ஹெலிகாப்டரிலும் உண்டு. இன்ஜின் வேகம் குறைந்த கணமே அது ரோட்டரை விட்டு விலகிக்கொள்ளும்.

இது ஹெலிகாப்டருக்கும் முந்தைய தத்துவம். ஸ்பெயினைச் சேர்ந்த ஹுவான் டி லா சியர்வா 1923-ல் பறக்கவிட்ட ஆட்டோஜைரோவில் மேலே இருந்த விசிறிக்கு இன்ஜின் இணைப்பே இல்லை. முன்னால் இருந்த புரொப்பெல்லர் இழுக்க, எதிர்க்காற்றே விசிறியைச் சுழற்றித் தூக்கியது.

சரி, பைலட் என்ன செய்ய வேண்டும்?

இதில் மூன்று கட்டங்கள்.

முதல் கட்டம், இன்ஜின் நின்ற கணம். பைலட்டின் இடது கையில் கலெக்டிவ் என்ற நெம்புகோல் இருக்கும். அதைத் தூக்கினால் எல்லா இறக்கைகளின் கோணமும் ஒன்றாகக் கூடும், ஹெலிகாப்டர் மேலே போகும். இன்ஜின் போனதும் அதை உடனே கீழே இறக்க வேண்டும். இறக்காவிட்டால், கூடுதல் கோணத்தில் இருக்கும் இறக்கைகள் காற்றில் உரசி ரோட்டரின் வேகம் மடமடவென விழும். ஓர் அளவுக்குக் கீழே போனால் எதைச் செய்தும் மீட்க முடியாது. இலகுவான ரோட்டர் கொண்ட சிறிய ஹெலிகாப்டர்களில் இதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடிதான். அதே நேரத்தில் மூக்கு சட்டென ஒரு பக்கம் திரும்பும். அதைக் கால் பெடலால் பிடிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கீழே விழுகிறோம் என்று உடம்பு உணரும்போது கை இயல்பாக நெம்புகோலை மேலேதான் இழுக்கும். அப்போது கீழே அழுத்தச் சொல்வது மனித இயல்புக்கே எதிரானது. புத்தகத்தில் படித்து இந்தப் பழக்கத்தை மாற்ற முடியாது. திரும்பத் திரும்பச் செய்துதான் மாற்ற முடியும்.

இரண்டாவது கட்டம், இறக்கம். பல ஹெலிகாப்டர்கள் நிமிடத்துக்குச் சுமார் 1,500 முதல் 2,000 அடி வரை இறங்கும். மணிக்கு 27 முதல் 36 கி.மீ. வேகத்தில் தரை நம்மை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால் கையில் இருப்பது அரை நிமிடம். அதற்குள் காற்றின் திசை பார்க்க வேண்டும், மின்கம்பி இல்லாத சமதளம் தேட வேண்டும், ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், முன்னோக்கிய வேகத்தையும் ரோட்டர் வேகத்தையும் விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது கட்டம், கடைசி 100 அடி. மூக்கைத் தூக்கி முன்னோக்கிய வேகத்தைக் குறைக்க வேண்டும். இதை ஃப்ளேர் என்பார்கள். அப்போது ரோட்டருக்குள் இன்னும் அதிகக் காற்று புகுந்து அதன் சுழற்சி கூடும். பிறகு ஹெலிகாப்டரைச் சமப்படுத்தி, தரைக்குச் சில அடி இருக்கும்போது கலெக்டிவ்வை மேலே இழுக்க வேண்டும். ரோட்டரில் சேர்ந்திருக்கும் சுழற்சி மொத்தமும் அந்த ஒரே இழுப்பில் செலவாகி, ஹெலிகாப்டரை மெத்தென்று தரையில் வைக்கும்.

உயரம்தான் வங்கியில் இருக்கும் சேமிப்பு. அதை எடுத்து ரோட்டர் சுழற்சியாக மாற்றி, கடைசியில் ஒரே தடவை செலவு செய்கிறோம். 20 அடிக்கு முன்பே செலவழித்துவிட்டால் மீதித் தூரம் விழுவோம். தாமதித்தால் அந்த வேகத்திலேயே தரையில் மோதுவோம். இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

எப்போது இது கைகொடுக்காது?

ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் உயரத்தையும் வேகத்தையும் வைத்து ஒரு வரைபடம் உண்டு. அதில் நிழலடித்துக் காட்டியிருக்கும் பகுதிக்குள் இருக்கும்போது இன்ஜின் நின்றால் பத்திரமாக இறங்குவது மிகவும் கடினம். பைலட்கள் அதை 'டெட் மேன்ஸ் கர்வ்' என்று அழைக்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், 5 அடி உயரத்தில் நின்றபடி இன்ஜின் போனால் தொப்பென்று உட்காரலாம். 1,000 அடியில் நல்ல வேகத்தில் போகும்போது நின்றால் சமாளிக்கலாம். 100, 200 அடி உயரத்தில் வேகமே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும்போது நின்றால்தான் ஆபத்து. எடுத்துச் செலவழிக்கச் சேமிப்பே இல்லை.

சிவில் பைலட் முடிந்தவரை அந்தப் பகுதியைத் தவிர்க்கலாம். ராணுவ பைலட்டுக்கு வேலையே அங்கேதான். வெள்ளத்தில் சிக்கியவரைக் கயிற்றில் தூக்குவது, கமாண்டோக்களை இறக்குவது, மரங்களுக்கு மேல் ஒளிந்து பறப்பது எல்லாமே தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில் நடப்பவை. சியாச்சினில் 20,000 அடி உயரத்துக் காவல் நிலைகளில் காற்றின் அடர்த்தியும் குறைவு, இறங்கச் சமதளமும் அரிது. மற்றவர்களைவிட ராணுவ பைலட்டுக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகத் தேவைப்படுவது அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டோரொட்டேஷன் எல்லா விபத்துக்கும் மருந்து அல்ல. 2021 டிசம்பர் 8-ம் தேதி குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணித்த எம்.ஐ.17 விழுந்தபோது, 'இன்ஜின் கோளாறா?' என்றுதான் பலரும் கேட்டார்கள். விசாரணையின் முடிவு வேறு. திடீரென மாறிய வானிலையில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்குத் திசை உணர்வு தடுமாறி, நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது. 2025 ஜனவரி 5-ல் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்ததிலும் பழி விழுந்தது இன்ஜின் மீது அல்ல, ஸ்வாஷ்பிளேட் என்ற பாகத்தின் மீது. பைலட்டின் கட்டளையை இறக்கைகளுக்குக் கொண்டுசேர்ப்பதே அந்தப் பாகம்தான். அது உடைந்தால் ரோட்டர் சுழன்றும் பயனில்லை.

பயிற்சியில் நிஜமாகவே இன்ஜினை நிறுத்துவார்களா?

உண்மையான விவாதம் இங்கேதான் தொடங்குகிறது.

பயிற்சி பொதுவாக இப்படி நடக்கும். ஓடுபாதைக்கு மேலே பறக்கும்போது பயிற்றுநர் த்ராட்டிலைக் குறைத்து இன்ஜினை ஐடிலில் வைப்பார். மாணவர் கலெக்டிவ்வை இறக்கி, ஆட்டோரொட்டேஷனுக்குள் போவார். முதலில் நேராக இறங்கும் பயிற்சி. பிறகு 180 டிகிரி திரும்பி இறங்கும் பயிற்சி. முடிவு மட்டும் இரண்டு விதம். ஒன்று, தரைக்குச் சற்று மேலே வந்ததும் பவரைத் திரும்பக் கொடுத்து, அந்தரத்தில் நிறுத்திவிடுவது. மற்றொன்று, பவரே கொடுக்காமல் கடைசி அங்குலம் வரை போய்த் தரையில் வைப்பது.

முதல் முறையில் சேதம் குறைவு. ஆனால் மேலே சொன்ன மூன்றாவது கட்டத்தின் கடைசி இழுப்பை மாணவர் ஒருபோதும் தன் கையால் செய்திருக்க மாட்டார். இரண்டாவது முறையில் அதைச் செய்வார். கூடவே வால் தரையில் இடிக்கும், சறுக்குக்கால் வளையும், சில நேரம் ஹெலிகாப்டரே கவிழும்.

இப்போது ஒரு கணக்கு அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இன்றைய டர்பைன் இன்ஜின்கள் மிக நம்பகமானவை. நிஜமாக இன்ஜின் நிற்பது அபூர்வம். ஆனால் நின்றால் என்ன செய்வது என்று பழக்கும்போது ஹெலிகாப்டர்கள் உடைகின்றன. 'மருந்தே நோயைவிட மோசமா இருக்கே, எதுக்கு இந்த வேலை?' என்று கேட்கத் தோன்றும். பல நாட்டு ராணுவங்களில் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. பயிற்சியில் உடைந்த ஹெலிகாப்டருக்கு ஒரு கோப்பு உண்டு, விசாரணை உண்டு, தொகை உண்டு. பத்து ஆண்டு கழித்து ஏதோ ஒரு வயலில் பத்திரமாக இறங்கி, நான்கு பேரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய பைலட்டின் கைப்பழக்கத்துக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை.

அமெரிக்க ராணுவம் ஏன் திரும்பி யோசிக்கிறது?

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் சிறிய, ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர்களில்தான் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது. போரில் அவர்கள் ஓட்டிய ஹூயிக்கும் ஒற்றை இன்ஜின்தான். அதன் கனமான இரண்டு இறக்கை ரோட்டர் நிறைய சுழற்சியைச் சேமித்து வைக்கும் என்பதால் ஆட்டோரொட்டேஷனுக்குப் பேர்போனது. பின்னர் வந்த டி.ஹெச்.67 பயிற்சி ஹெலிகாப்டரும் ஒற்றை இன்ஜின் வகையே.

2010-களின் நடுவில் ராணுவம் பாதையை மாற்றியது. அலபாமாவில் உள்ள ஃபோர்ட் ரக்கர் பயிற்சித் தளத்துக்கு லகோட்டா என்ற இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர் வந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மாணவர்கள் நாளை ஓட்டப்போகும் பிளாக் ஹாக், அப்பாச்சி எல்லாமே இரட்டை இன்ஜின், டிஜிட்டல் திரைகள், தானியங்கி உதவிகள் கொண்டவை. முதல் நாளில் இருந்தே அதில் பழகட்டும் என்று நினைத்தார்கள். ஆனால் லகோட்டாவில் பவர் இல்லாமல் தரையைத் தொடும் பயிற்சி கிடையாது.

பிரிட்டனும் 2018-ல் இதே மாதிரி மாறியது. ஷாபரி தளத்தில் ஒற்றை இன்ஜின் ஸ்குவிரல் போய், இரட்டை இன்ஜின் ஜூனோ வந்தது.

ஆனால் அமெரிக்கக் கடற்படை வேறு முடிவெடுத்தது. பழைய ஒற்றை இன்ஜின் டி.ஹெச்.57-க்கு மாற்றாக அது 2020-ல் தேர்ந்தெடுத்த டி.ஹெச்.73-ம் ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர்தான்.

சில ஆண்டுகளில் ராணுவத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. லகோட்டாவை ஓட்டும் செலவு அதிகம், தானியங்கி உதவிகள் தாங்கிப் பிடிப்பதால் புதிய பைலட்களின் அடிப்படைக் கைத்திறன் குறைகிறது என்று விமானப் பிரிவின் தலைமையே வெளிப்படையாகப் பேசியது. 'ஃப்ளைட் ஸ்கூல் நெக்ஸ்ட்' என்ற திட்டம் பிறந்தது. அடிப்படைப் பயிற்சியை எளிமையான ஹெலிகாப்டரில் நடத்துவது அதன் மைய யோசனை. நிறுவனங்கள் போட்டிக்கு முன்வைத்தவை பெரும்பாலும் ராபின்சன் ஆர்66, பெல் 505 போன்ற ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர்கள். ஏறக்குறைய பத்தே ஆண்டுகளில் சக்கரம் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது.

இரண்டு இன்ஜின் இருந்தால் இந்தக் கவலை எதற்கு?

நியாயமான கேள்வி. ஒரு இன்ஜின் பழுதானால் மற்றொன்று காப்பாற்றும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் இரண்டு இன்ஜினும் ஒரே எரிபொருளைத்தான் குடிக்கின்றன. ஒரே பைலட்டின் தவறு இரண்டையும் பாதிக்கும்.

2013 நவம்பர் 29 இரவு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரின் மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டர் அதற்குச் சாட்சி. அது இ.சி.135, இரட்டை இன்ஜின். முதன்மைத் தொட்டியில் எரிபொருள் மிச்சமிருந்தது. ஆனால் அதை இன்ஜின்களுக்கான சிறிய தொட்டிகளுக்கு மாற்றும் பம்புகள் அணைக்கப்பட்டிருந்தன. அடுத்தடுத்து இரண்டு இன்ஜினும் நின்றன. இடைவெளி சுமார் அரை நிமிடம்தான். ரோட்டர் வேகம் விழுந்தது. ஒரு மதுக்கூடத்தின் கூரை மீது ஹெலிகாப்டர் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் உள்ளே இருந்தவர்கள். ஆட்டோரொட்டேஷன் ஏன் வெற்றிகரமாக முடியவில்லை என்பதற்கு விசாரணை அமைப்பால் காரணம் சொல்ல முடியவில்லை. இரவு நேரம், கீழே அடர்ந்த நகரம், அதிகம் போனால் சில விநாடிகள். எவ்வளவு தேர்ந்த பைலட்டுக்கும் அது கடுமையான சோதனைதான்.

சிமுலேட்டர் போதாதா?

பாதிக்குப் போதும். முதல் கட்டத்துக்கு, அதாவது எச்சரிக்கை மணி அடித்ததும் கை உடனே கீழே போவதற்கு, சிமுலேட்டர் மிக நல்ல ஆசிரியர். ஒரே மாலையில் முப்பது தடவை இன்ஜினை நிறுத்தலாம். இரவிலும் மேகத்திலும் டெட் மேன்ஸ் கர்வ்வின் நடுவிலும் நிறுத்தலாம். நிஜத்தில் யாரும் இதைச் செய்யத் துணிய மாட்டார்கள்.

கடைசி 100 அடிதான் பிரச்சினை. தரை விரிந்துகொண்டே மேலே வரும் காட்சி, இருக்கைக்கு அடியில் உணரும் அசைவு, ரோட்டரின் சத்தம் மாறுவது, வயிற்றில் எழும் பயம். இவற்றைத் திரையும் ஸ்பீக்கரும் முழுமையாகத் தருவதில்லை. நீச்சலைப் படம் பார்த்துக் கற்றவரைக் கிணற்றில் இறக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதற்காகப் படமே பார்க்க வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. இரண்டும் வேண்டும், எது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியாவில் விமானப்படை ஹைதராபாத் அருகே ஹக்கீம்பேட்டிலும், ராணுவம் நாசிக்கிலும், கடற்படை நம் அரக்கோணத்திலும் ஹெலிகாப்டர் பைலட்களை உருவாக்குகின்றன. அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தின் 561-வது படைப்பிரிவுதான் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி. 2024 ஜூன் 7-ல் அங்கே 22 வாரப் பயிற்சி முடித்து 21 அதிகாரிகள் தங்கச் சிறகுகள் பெற்றார்கள். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட்டான சப்-லெப்டினென்ட் அனாமிகா பி. ராஜீவ் அவர்களில் ஒருவர்.

அந்தப் பள்ளியின் ஹெலிகாப்டர் சேத்தக். பிரான்ஸின் அலூவெட் 3 வடிவமைப்பு, முதலில் பறந்தது 1959-ல். கணினி இல்லை, தானியங்கி உதவி இல்லை, இன்ஜின் ஒன்றே ஒன்று. வயதான ஹெலிகாப்டர் என்ற புகார் முழுக்க நியாயமானது. ஆனால் ஆசிரியராகப் பார்த்தால் சேத்தக்குக்கு ஒரு குணம் உண்டு. மாணவரின் தவறை அது மூடி மறைக்காது. 'இன்ஜின் நின்னா என்ன பண்ணுவே?' என்ற கேள்வியை ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் மனதில் வைத்திருக்க வைக்கும்.

சேத்தக், சீட்டா இரண்டையும் மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் 200 இலகுரக ஹெலிகாப்டர்களுக்கான தகவல் கோரிக்கையை வெளியிட்டது. ராணுவத்துக்கு 120, விமானப்படைக்கு 80. ஹெச்.ஏ.எல். உருவாக்கியிருக்கும் எல்.யு.ஹெச். தனிப் பாதையில் வருகிறது. அதுவும் ஒற்றை இன்ஜின்தான். ஆக, இன்ஜின் இல்லாமல் இறங்கும் கலை இந்திய ராணுவ பைலட்டுக்கு இன்னும் பல ஆண்டுகள் தேவைப்படும்.

வாங்கும்போது எத்தனை கிலோ தூக்கும், எவ்வளவு உயரம் போகும், விலை என்ன என்ற கேள்விகள் தானாக வந்துவிடும். பயிற்சிப் பள்ளிகளுக்கு என்ன ஹெலிகாப்டர் போகிறது, அதில் மாணவர் பவர் இல்லாமல் தரையைத் தொட்டுப் பழக முடியுமா, அதற்கான பயிற்றுநர்களும் ஓடுபாதை நேரமும் இருக்குமா என்ற கேள்விகளை யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு. அமெரிக்க ராணுவம் பெரும் செலவு செய்து, சுமார் பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்விக்குத் திரும்பியிருக்கிறது. நாம் கொள்முதலுக்கு முன்பே கேட்டுவிடலாம்.

அடுத்த முறை அரக்கோணம் பக்கம் ரயிலில் போகும்போது, ஒரு சேத்தக் வழக்கத்தைவிட வேகமாக இறங்கி, தரைக்குப் பக்கத்தில் மூக்கைத் தூக்குவதைப் பார்த்தால் பதற வேண்டாம். உள்ளே இருபத்து சொச்சம் வயதில் யாரோ ஒருவர், இடது கையை எப்போது மேலே இழுப்பது என்று கற்றுக்கொண்டிருக்கலாம்.